விரிவுரை மண்டபத்திலிருந்து விஸ்மா புத்ராவுக்கு: தோட்டப்புறப் பட்டதாரிகளுக்கு ஒரு வழிகாட்டி

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தில் வளர்ந்து, பட்டமும் முதுகலையும் முடித்து, கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ விரிவுரையாளராகி, அதன்பின் மலேசியாவின் அரசதந்திரச் சேவைக்கு, அதாவது விஸ்மா புத்ரா எனப்படும் வெளியுறவு அமைச்சுக்கு, போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் தங்கை ஒரு தனியார் கல்லூரியில் அனைத்துலக உறவுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள். அவள் இந்தப் பாதையில் போனபோது காகிதங்களைத் திரட்டுவதும் இலாகாக்களுக்கு அலைவதும் செலவுக்கணக்கு எழுதுவதும் என் பொறுப்பாயின. அதன்பிறகு ஊரில் இன்னும் சில பிள்ளைகளுக்கும் இதே வேலையைச் செய்து கொடுத்தேன். என்ன செய்ய வேண்டும் என்பதை இலாகாக்கள் சொல்லிவிடுகின்றன. எதை முதலில் செய்ய வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. எந்த வாசல் என்று முடிவு செய்யுங்கள்

பேராசிரியராக இருந்து தூதரானவர்கள் என்று நாம் கேள்விப்படுகிறவர்களில் பெரும்பாலோர் அரசாங்கம் அழைத்துப் போனவர்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1949 முதல் 1952 வரை மாஸ்கோவில் இந்தியத் தூதராக இருந்தார். ஹார்வர்ட் பொருளியல் பேராசிரியர் கால்பிரெய்த்தை 1961இல் அதிபர் கென்னடி டில்லிக்கு அனுப்பினார். பக்கத்துச் சிங்கப்பூரில் சட்டம் கற்பித்துக்கொண்டிருந்த டாமி கோ 1968இல் ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் தம் நாட்டின் நிரந்தரப் பிரதிநிதியானபோது அவருக்கு வயது 30. அவருக்குப் பின் அதே பொறுப்பை ஏற்ற எஸ். ஜெயகுமாரும் சட்டப் பேராசிரியரே. அரசியல் அறிவியல் பேராசிரியரான சான் ஹெங் சீ 1996 முதல் 2012 வரை வாஷிங்டனில் சிங்கப்பூரின் தூதராக இருந்தார். இந்த வாசலுக்கு விண்ணப்பப் படிவம் கிடையாது. மலேசியத் தூதர்களுக்கு நியமனப் பத்திரம் வழங்குகிறவர் மாமன்னர். அப்படிப் பெறுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் கீழ்நிலையிலிருந்து படிப்படியாக உயர்ந்து வந்த அதிகாரிகள். எனவே அழைப்பு வரும் என்று காத்திருப்பதை ஒரு திட்டமாகக் கொள்ளாதீர்கள்.

விண்ணப்பித்து நுழையக்கூடியது முன்வாசல். நிருவாக, அரசதந்திர அதிகாரி என்ற பணிக்கு, அதாவது எல்லாரும் பி.டி.டி. என்று சொல்லும் பணிக்கு, பொதுச் சேவை ஆணையத்தின் வழியாக விண்ணப்பிப்பது அது. அந்தப் பணியின் தொடக்க நிலை முன்பு எம்41 என்று இருந்தது. 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்த புதிய சம்பள முறையில் அது எம்9 ஆயிற்று. பழைய கையேடுகளில் எம்41 என்றுதான் இருக்கும், குழம்ப வேண்டாம்.

மூன்றாவது ஒரு பக்கவாசலும் உண்டு. அதிகாரியாகாமலே, ஆய்வாளராக இருந்துகொண்டு அரசதந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை செய்வது அது. 1983இல் தொடங்கப்பட்ட, உத்திமுறை, அனைத்துலக ஆய்வுக் கழகமான ஐஎஸ்ஐஎஸ் மலேசியா போன்ற ஆய்வு நிலையங்கள், அரசாங்கங்கள் நேரடியாகப் பேசத் தயங்கும் விஷயங்களைக் கல்வியாளர்கள் வழியாகப் பேசும் இரண்டாம் தடப் பேச்சுகளை நடத்துகின்றன. ஜக்கர்த்தாவில் உள்ள ஆசியான் செயலகமும் ஐக்கிய நாட்டு நிறுவனமும் தனித்தனியே ஆள் எடுக்கின்றன. ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் இளம் வல்லுநர் திட்டத்துக்கு வயது 32க்கு மேற்படக் கூடாது. பட்டமும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ நல்ல தேர்ச்சியும் வேண்டும். எந்தக் கட்டத்திலும் கட்டணம் இல்லை. ஆனால் அதில் பங்குபெறும் நாடுகளின் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், அந்த ஆண்டுப் பட்டியலில் மலேசியா இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படிவத்தைத் திறங்கள்.

என் கருத்தைக் கேட்டால், முதுகலையோடு தனியார் கல்லூரியில் சில ஆண்டுகள் கற்பித்த இளையவர்களுக்கு முன்வாசல் பொருந்தும். முனைவர் பட்டம் பெற்றுப் பொதுப் பல்கலைக்கழகத்தில் மூத்த விரிவுரையாளர் நிலையை எட்டிவிட்டவர்கள் முன்வாசலில் நுழைந்தால் சம்பளத்திலும் நிலையிலும் பல படிகள் இறங்க வேண்டியிருக்கும். அவர்களுக்குப் பக்கவாசலே மேல். இதன் பிறகு நான் எழுதுவதெல்லாம் முன்வாசலைப் பற்றியது.

2. மலாய்மொழித் தேர்ச்சியையும் பட்டத்தின் அங்கீகாரத்தையும் சரிபாருங்கள்

ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் சான்றிதழை எடுத்து மலாய்மொழிப் பாடத்தில் என்ன கிடைத்திருக்கிறது என்று பாருங்கள். வெறும் தேர்ச்சி போதாது. கிரெடிட், அதாவது குறைந்தது சி, இருக்க வேண்டும். கையில் முனைவர் பட்டமே இருந்தாலும் இந்த ஒரு வரி இல்லாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். கிரெடிட் இல்லாதவர்கள் தனியார் தேர்வராகப் பதிந்துகொண்டு மலாய்மொழித் தாளை மட்டும் மறுபடியும் எழுதலாம். வயது முப்பதாகி, தாமே மாணவர்களுக்குத் தாள் திருத்துகிறவர்கள் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதக் கூச்சப்படுகிறார்கள். கூச்சத்தால் ஓராண்டு போய்விடும். அதைவிட எழுதிவிடுவது நல்லது.

வெளிநாட்டில் படித்தவர்களுக்கு அடுத்த கேள்வி பட்டத்தைப் பற்றியது. அந்தப் பல்கலைக்கழகம் அந்த நாட்டில் பெயர்பெற்றதா என்பதை இங்கே யாரும் கேட்கமாட்டார்கள். அந்தப் பாடத்திட்டமும் அந்தப் பட்டமும் மலேசிய அரசாங்க வேலைக்கு அங்கீகரிக்கப்பட்டவையா என்பதுதான் கேள்வி. உள்நாட்டுத் தனியார் கல்லூரிப் பட்டமானால் மலேசியத் தகுதி முகவையின் பதிவேட்டில் பாடத்திட்டத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். பதிவேட்டில் உள்ள பெயரும் பட்டச் சுருளில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தொலைதூரக் கல்வி வழியாகப் பெற்ற பட்டங்களில் இந்தச் சிக்கல் அதிகம் வருகிறது. சந்தேகம் இருந்தால் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலம் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் உட்கார்ந்திருப்பவர் "போலே, போலே" (முடியும், முடியும்) என்று தலையாட்டுவது ஆவணமாகாது.

3. பெயரை ஒழுங்குபடுத்துங்கள்

அதிகக் காலம் பிடிப்பது இந்த வேலைதான். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நம் பெற்றோர் காலத்தில் பிறப்பைப் பதிந்தவர்கள் காதில் விழுந்தபடி பெயரை எழுதினார்கள். தோட்ட ஆஸ்பத்திரி டிரெசரோ (மருத்துவ உதவியாளர்) கிராணியோ (எழுத்தர்) ஒரு முறை எழுதியது, பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதம், பள்ளிப் பதிவில் வேறு விதம், அடையாள அட்டையில் மூன்றாவது விதம் என்று கிளைவிட்டுவிட்டது. முனியாண்டி என்ற ஒரே தகப்பன் பெயர் அண்ணன் பத்திரத்தில் முன்யாண்டி, தம்பி பத்திரத்தில் முனியண்டி. போதாக்குறைக்கு ஏ/எல், ஏ/பி என்னும் மகன், மகள் குறி இருக்கிறது. உள்நாட்டுச் சான்றிதழ்களில் அது அப்படியே இருக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் அதைப் பெயரின் பகுதியாக எண்ணி ஒட்டி அச்சிட்டுவிடும், அல்லது அடியோடு எடுத்துவிடும், அல்லது தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக்கி முன்னால் போட்டுவிடும். என் தங்கையின் முதுகலைச் சுருளில் ஏ-யும் பி-யும் சேர்ந்து ஒரு சொல்லாகி, நடுவில் முளைத்த புதுப்பெயர்போல நின்றன. தங்க நிற முத்திரைக்குச் சரியாக மேலே, யார் கண்ணிலும் படும் இடத்தில்.

செய்ய வேண்டியது இதுதான். பிறப்புப் பத்திரம், மைகாட் என்னும் அடையாள அட்டை, எஸ்.பி.எம்., அதற்கு அடுத்த எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன், இளங்கலைச் சுருள், முதுகலைச் சுருள், கடப்பிதழ் ஆகியவற்றை மேசைமேல் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் எழுதுங்கள். மைகாட்டில் உள்ள எழுத்துகள்தாம் அளவுகோல். மற்றவை அதிலிருந்து எங்கே விலகுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மைகாட்டிலேயே பிழை இருந்தால் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போக வேண்டும். அந்தத் திருத்தம் பிறப்புப் பத்திரத்திலிருந்து தொடங்கும், மாதக்கணக்கில் இழுக்கக்கூடும். விண்ணப்ப அறிவிப்பு வெளிவந்த பிறகு இதைத் தொடங்குவது வீண். மைகாட் சரியாக இருந்து, சான்றிதழ்களில் மட்டும் விலகல் இருந்தால் சத்தியப் பிரமாண ஆணையர்முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் செய்துகொண்டால் பொதுவாகப் போதும். 1960ஆம் ஆண்டு உறுதிமொழிப் பத்திரச் சட்டத்தின்கீழ் செய்யப்படும் பத்திரம் அது. "இந்தப் பெயரும் இந்தப் பெயரும் கொண்டவர் ஒருவரே, அவர் நானே" என்று எல்லா விலகல்களையும் ஒரே பத்திரத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஒரு பத்திரம் என்று செய்துகொண்டு போனால், நேர்காணல் மேசையில் அந்தக் கட்டே ஒரு புதிய சந்தேகத்தைக் கிளப்பும். ஆணையரின் கட்டணம் சில வெள்ளிகள் (ரிங்கிட்) தாம். தட்டச்சு செய்து கொடுக்கும் கடைக்காரர் அதைவிட அதிகமாகக் கேட்பார். பத்திரத்தை மலாய்மொழியில் செய்யுங்கள்.

பிறகு நகல்களுக்கு மெய்ப்பு முத்திரை வாங்க வேண்டும். அரசாங்கத்தின் நிருவாக, தொழில்முறைப் பிரிவு அதிகாரிகள் முத்திரையிடலாம். எங்கள் ஊர்களில் எளிதாக அணுகக்கூடியவர் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்தான். பள்ளி விடுமுறைக்குமுன் போங்கள், அசலைக் கொண்டுபோங்கள். எனக்கு முத்திரையிட்டுத் தந்த தலைமையாசிரியர் ஒவ்வோர் அசலையும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நகலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "என்னங்க ஐயா, நம்ம பிள்ளைதானே" என்றேன். "நம்ம பிள்ளைங்கிறதாலதான் தம்பி பார்க்கிறேன்" என்றார். அவர் முத்திரையில் பெயரும் பதவியும் பள்ளியும் தெளிவாக விழவேண்டும். மங்கலாக விழுந்தால் அங்கேயே மறுபடியும் கேட்டு வாங்குங்கள்.

4. கல்வி ஒப்பந்தத்தைப் படியுங்கள்

பொதுப் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் பலர் அரசாங்கத்தின் கல்வியாளர் பயிற்சித் திட்டத்தின் உதவியில் முனைவர் பட்டம் முடித்தவர்கள். அந்த உதவியோடு சேவை ஒப்பந்தமும் ஒன்று உண்டு. குறிப்பிட்ட ஆண்டுகள் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே பணியாற்ற வேண்டும், தவறினால் செலவிட்ட தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். "அதுவும் அரசாங்க வேலை, இதுவும் அரசாங்க வேலை, ஒப்பந்தம் தானாகவே கூட வந்துவிடும்" என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தானாக வராது. பல்கலைக்கழகம் தனிச் சட்ட நிறுவனம். ஒப்பந்தத்தை மாற்ற முடியுமா, எஞ்சிய ஆண்டுகளுக்கு என்ன வழி என்பதைப் பதிவாளர் அலுவலகத்திடம் எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகே மேலே போங்கள். ஒப்பந்தத்துக்குப் பிணை கையெழுத்திட்டவர் பெரும்பாலும் உங்கள் மாமாவாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார், அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

தனியார் கல்லூரி விரிவுரையாளர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வேலை ஒப்பந்தத்தில் எத்தனை மாத முன்னறிவிப்பு, அரையாண்டின் நடுவில் விலக முடியுமா என்பதைமட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

5. விண்ணப்பியுங்கள்

விண்ணப்பம் பொதுச் சேவை ஆணையத்தின் எஸ்பிஏ9 என்னும் இணைய முறை வழியாகத்தான். கட்டணம் கிடையாது. இதைத் தடித்த எழுத்தில் வாசியுங்கள்: கட்டணம் கிடையாது. "எனக்கு உள்ளே கேபல் (செல்வாக்குள்ள ஆள்) இருக்கிறது, படிவம் நானே நிரப்பித் தருகிறேன், இத்தனை ஆயிரம் கொடு" என்று கடைவீதியில் அணுகுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களால் செய்ய முடிந்தது படிவம் நிரப்புவது ஒன்றுதான். அதை நீங்களே ஒரு மாலையில் செய்துவிடலாம். கடவுச்சொல்லையும் அவர்களிடம் கொடுத்துவிட்டால், அழைப்பு வந்ததா இல்லையா என்பதுகூட உங்களுக்குத் தெரியாது.

ஒருமுறை பதிந்த விபரங்கள் ஓராண்டுக்குத்தான் செல்லும். அதற்குள் புதுப்பிக்க வேண்டும். பி.டி.டி. பணிக்கு ஆள் எடுப்பது ஆண்டுதோறும் ஒரே தேதியில் நடப்பதில்லை. அறிவிப்பு வந்து மூடுகிற இடைவெளி குறுகியது. ஆகவே முன்கூட்டியே கணக்குத் திறந்து, படிப்பு விபரங்களை நிரப்பி வைத்திருங்கள். கைப்பேசி எண்ணை மாற்றினால் அன்றைக்கே இங்கேயும் மாற்றுங்கள்.

கல்வியாளர்கள் படிவம் நிரப்பும்போது ஒரு பழக்கம் தலைகாட்டும். ஆய்வுக் கட்டுரைகள், மாநாடுகள், மேற்கோள் எண்ணிக்கை என்று நிரப்பத் தொடங்கிவிடுவார்கள். படிவம் கேட்பது அதையல்ல. மாணவர் மன்றத்தை நடத்தியது, கோயில் குழுவில் செயலாளராக இருந்தது, வெள்ளத்தின்போது துயர்துடைப்பு மையத்தில் வேலை செய்தது போன்றவற்றுக்குத்தான் அங்கே இடம் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளிடம் இவை நிறைய உண்டு. ஆனால் சொல்லிக்கொள்ளத் தகுந்தவை என்று அவர்களே எண்ணுவதில்லை. எழுதுங்கள், ஆதாரக் கடிதமும் வாங்கி வையுங்கள்.

6. எழுத்துத் தேர்வுக்குப் படியுங்கள்

பொது அறிவு, கணக்கும் தருக்கமும் கலந்த சிக்கல் தீர்க்கும் வினாக்கள், மொழித் திறன் என்பன இந்தத் தேர்வில் காலங்காலமாக இருந்து வருபவை. கல்வியாளர்கள் இடறுவது நடுவில் உள்ளதில். சமூகவியலும் அரசியலும் படித்தவர்கள் எஸ்.பி.எம். தேர்வோடு கணக்கை விட்டிருப்பார்கள். விழுக்காடு, விகிதம், வேகமும் தூரமும் ஆகிய இவற்றைப் பள்ளிப் புத்தகத்திலிருந்தே தொடங்குங்கள். நேரம் வைத்துச் செய்து பழகாவிட்டால் விடை தெரிந்தும் முடிக்க முடியாது.

பொது அறிவில் கூட்டரசு அரசியலமைப்பு, ருக்குன் நெகாரா எனும் தேசியக் கோட்பாடு, அமைச்சுகளின் பணி, ஆசியான் ஆகியவற்றைத் தவறவிடாதீர்கள். ஆசியான் 1967 ஆகஸ்ட் 8ஆம் நாள் பேங்காக்கில் ஐந்து நாடுகளால் தொடங்கப்பட்டது என்பது எல்லாருக்கும் தெரியும். 2025 அக்டோபர் 26ஆம் நாள் கோலாலம்பூர் உச்சநிலை மாநாட்டில் திமோர் லெஸ்தே சேர்ந்ததால் உறுப்பு நாடுகள் பதினொன்றாயின. பழைய குறிப்புப் புத்தகம் வைத்திருக்கிறவர்கள் பத்து என்றே எழுதிவிடுவார்கள். நாளிதழ் தவறாமல் படிக்க வேண்டும். மலாய்மொழி நாளிதழையும் சேர்த்து. அந்த மொழியில் தலையங்கம் படித்துப் பழகியவர்களுக்குக் கட்டுரையும் நேர்காணலும் ஒன்றாக எளிதாகிவிடும்.

7. மதிப்பீட்டு மையம்

எழுத்துத் தேர்வில் தேறியவர்களைக் குழுவாக அழைத்து, உடல்தகுதி, மேடைப்பேச்சு, குழுக் கலந்துரையாடல் ஆகியவற்றில் பார்க்கிறார்கள். இதைப் பி.ஏ.சி. என்பார்கள். உடல்தகுதியில் ஓட்டம் உண்டு. அழைப்பு வந்த பிறகு ஓடத் தொடங்கினால் முழங்கால்தான் மிஞ்சும். விண்ணப்பித்த வாரத்திலிருந்தே தோட்டத்துப் பந்துத்திடலைச் சுற்றுங்கள்.

குழுக் கலந்துரையாடலில் விரிவுரையாளருக்கு ஓர் ஆபத்து காத்திருக்கிறது. பத்துப் பேர் உட்கார்ந்த மேசையில் அவர் தம்மை அறியாமலே வகுப்பெடுக்கத் தொடங்கிவிடுவார். மதிப்பெண் போடுகிறவர்கள் கவனிப்பது, எதிரே இருப்பவர் சொன்னதை எடுத்து மேலே கொண்டுபோகத் தெரிகிறதா, பேசாமல் இருக்கிறவரைப் பேச வைக்கத் தெரிகிறதா, நேரத்துக்குள் குழு ஒரு முடிவுக்கு வர உதவினாரா என்பவற்றை. ஊரில் நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொருவரும் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது என்று விதி வைத்துப் பழகுங்கள். மலாய்மொழியில் ஒரு நாள், ஆங்கிலத்தில் ஒரு நாள்.

8. நேர்காணல்

புத்ராஜெயாவுக்கு அழைத்தால் முந்திய நாளே புறப்படுங்கள். சுங்கை சிப்புட் நிலையத்தில் எல்லா இடிஎஸ் ரயிலும் நிற்பதில்லை. நேரத்தைப் பார்த்துச் சீட்டு எடுங்கள். விடுமுறைக் காலத்தில் சீட்டு முன்னதாகவே தீர்ந்துவிடும். கேஎல் சென்ட்ரலிலிருந்து விரைவு ரயிலில் போனால் சீக்கிரம். பக்கத்து முஸியம் நெகாரா நிலையத்தில் எம்ஆர்டி ஏறி, துன் ரசாக் எக்ஸ்சேஞ்சில் புத்ராஜெயா தடத்துக்கு மாறினால் மலிவு, ஆனால் நேரம் கூடும். நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு நடந்துபோக முடியாது. கிராப் காருக்கும் ஓர் இரவுத் தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். இந்த முழுப் பாதையிலும் உண்மையான செலவு இந்தப் பயணங்கள்தாம். ஒருவர் துணைக்குப் போனால் இரட்டிப்பு. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், அது உங்கள் வீட்டு விஷயம்.

கேள்விகளைப் பொறுத்தவரை, உங்கள் ஆய்வுத் துறையையே திருப்பிக் கேட்பார்கள் என்று எதிர்பாருங்கள். கடல் எல்லை பற்றி ஆய்வு செய்தவரிடம் 2002இல் சிப்பாடான், லிகித்தான் தீவுகள் மலேசியாவுக்குக் கிடைத்ததையும், 2008 மே 23ஆம் நாள் பத்து பூத்தே தீவு சிங்கப்பூருக்குப் போனதையும் கேட்கலாம். பத்து பூத்தே வழக்கில் சிங்கப்பூரின் தரப்பில் அனைத்துலக நீதிமன்றத்தில் நின்று வாதாடியவர்களில் நான் மேலே சொன்ன கோவும் ஜெயகுமாரும் இருந்தார்கள். கற்பித்த சட்டத்தை நாட்டுக்காக எடுத்துப் பேசுவது எப்படி என்று பார்க்க விரும்புகிறவர்கள், நம் தரப்பு வாதங்களோடு சேர்த்து அவர்கள் தரப்பையும் படிப்பது நல்லது. "இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது" என்று வகுப்பறையில் சொல்லும் விடையோடு நிறுத்தாதீர்கள். மலேசியாவின் நிலைப்பாடு என்ன, அது எந்த நலனைக் காக்கிறது என்பதைச் சொல்லிவிட்டு, அதன்பின் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

"விரிவுரையாளர் வேலையை ஏன் விடுகிறீர்கள்?" என்ற கேள்வி வரும். கல்லூரியின் குறைகளைச் சொல்லித் தொடங்காதீர்கள். வெளிநாட்டில் வாழ ஆசை என்றும் சொல்லாதீர்கள், அடுத்த கேள்வி, "உள்நாட்டு இலாகாவில் போட்டால் போவீர்களா?" என்பதாக இருக்கும்.

9. வேலையை விடும் நாள்

தேர்வு பெற்ற செய்தி வந்ததும் கல்லூரியில் விலகல் கடிதம் கொடுத்துவிடாதீர்கள். பணி சேரும் தேதி குறித்த நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை பொறுங்கள். விண்ணப்பித்ததிலிருந்து அந்தக் கடிதம்வரை ஓராண்டுக்கும் மேல் ஆகலாம். கடிதம் வந்த பிறகோ எல்லாமே அவசரம். அரசாங்க மருத்துவரிடம் உடற்பரிசோதனை, பாதுகாப்புச் சோதனைக்கான இணையப் படிவம், ஆக்கு ஜஞ்சி எனப்படும் உறுதிமொழிக் கடிதம் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். பாதுகாப்புப் படிவத்தில் உறவினர்களின் விபரங்களும் கேட்பார்கள். பெற்றோரின் அடையாள அட்டை எண்கள், பிறந்த இடம் ஆகியவற்றை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வையுங்கள். தாத்தா காலத்துக் காகிதம், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்ட குடும்பமானால் அதை மறைக்காமல் உள்ளபடி எழுதுங்கள்.

ஓய்வூதியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "அரசாங்க வேலை, பென்ஷன் வரும்" என்று வீட்டில் பெரியவர்கள் மகிழ்வார்கள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கும் அப்படியே கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். நியமனக் கடிதத்தில் ஓய்வூதியமா ஊழியர் சேமநிதியா என்று வாசித்துவிட்டு வீட்டுக்கடன் முதலியவற்றை முடிவு செய்யுங்கள்.

10. பயிற்சியும் அமைச்சும்

சேர்ந்தவுடன் விஸ்மா புத்ராவில் மேசை போடமாட்டார்கள். பொது நிருவாகக் கழகமான இந்தானில் பயிற்சி மாதக்கணக்கில் நடக்கும். அதன்பிறகே எந்த அமைச்சு என்பது தெரியும். பி.டி.டி. அதிகாரியை நிதி, கல்வி, கிராமப்புற மேம்பாடு என்று எங்கும் போடலாம். வெளியுறவு அமைச்சு அவற்றில் ஒன்று மட்டுமே. வெளியுறவுச் சேவையே வேண்டும் என்றால் விருப்பத்தைப் பதிவு செய்யும் ஒவ்வொரு வாய்ப்பிலும் அதைக் காரணத்தோடு எழுதுங்கள். ஆய்வுத் துறை, மூன்றாவது மொழி ஆகியவற்றை இங்கே சொன்னால் பயன் உண்டு. தமிழைச் சேர்த்து எழுதத் தயங்காதீர்கள். சென்னையில் நமக்குத் துணைத்தூதரகம் இருக்கிறது. வேறு அமைச்சு கிடைத்தால் சில ஆண்டுகள் நன்றாக வேலை செய்துவிட்டு மாற்றம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. என் தங்கைக்கு அதுதான் நடந்தது. அந்த ஆண்டுகள் வீண் என்று அவள் சொல்வதில்லை, நான் சொல்வேன்.

வெளியுறவு அமைச்சுக்குப் போனவர்களுக்கு 1991இல் தொடங்கப்பட்ட அரசதந்திர, வெளியுறவுக் கழகத்தில் தனிப் பயிற்சி உண்டு. வெளிநாட்டுப் பணி பொதுவாக மூன்றாண்டு அளவில், பிறகு நாடு திரும்பி அமைச்சில் சில ஆண்டுகள், மறுபடி வெளிநாடு என்று சுற்றும்.

11. மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கங்கள்

முதலாவது எழுத்து. இருபது பக்கக் கட்டுரை எழுதிப் பழகியவர் இங்கே ஒரு பக்கக் குறிப்பு எழுத வேண்டும். அதில் முடிவு முதல் வரியில் இருக்க வேண்டும். அமைச்சர் காரில் போகும்போது படிப்பார். அடிக்குறிப்புக்கு அங்கே இடமில்லை. வீட்டிலேயே பழகலாம்: ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்து, என்ன நடந்தது, நமக்கு என்ன பாதிப்பு, என்ன செய்யலாம் என்று அரைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இரண்டாவது பேச்சு. இது முக்கியம். அரசாங்க அதிகாரிகளின் நடத்தை, ஒழுங்கு பற்றிய 1993ஆம் ஆண்டு விதிகளில் 19ஆம் விதி, முன்அனுமதியில்லாமல் பொது அறிக்கை விடுவதைக் கட்டுப்படுத்துகிறது. 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டமும் உண்டு. விரிவுரையாளராக இருந்தபோது நாளிதழில் எழுதிய பத்தி, முகநூலில் போட்ட அரசியல் கருத்து, வானொலிப் பேட்டி எல்லாம் நின்றுவிடும். கைவசம் பாதி எழுதிய புத்தகம் இருந்தால் பணியில் சேருமுன் முடித்து வெளியிடுங்கள், அல்லது அனுமதி கேட்டு எழுதத் தயாராக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை டியூஷனுக்கும் அனுமதி வேண்டும். கருத்துச் சுதந்திரமே மூச்சு என்று இருக்கிறவர்களுக்கு நான் இந்த வேலையைச் சொல்லமாட்டேன். அவர்கள் பல்கலைக்கழகத்தில் இருப்பதே எல்லாருக்கும் நல்லது.

12. வீட்டில் பேச வேண்டியவை

திருமணமானவர்கள் கணவரோ மனைவியோ வேலையை விட வேண்டியிருக்கும் என்பதை விண்ணப்பிக்குமுன் பேசிவிடுங்கள். பல நாடுகளில் அரசதந்திரியின் துணைவர் வேலை செய்ய அந்த நாட்டோடு ஏற்பாடு இருக்க வேண்டும். துணைக்குப் போகச் சம்பளமில்லா விடுமுறை எடுக்க முடிந்தவர்கள் பெரும்பாலும் அரசாங்க ஊழியர்கள்தாம்.

பெற்றோர் இன்னும் தோட்ட வீட்டில் இருந்தால் அந்த வீட்டைப் பற்றியும் இப்போதே முடிவெடுங்கள். பணி ஓய்வோடு தோட்ட வீடு கைவிட்டுப் போகும். அது நடக்கும்போது நீங்கள் வேறு கண்டத்தில் இருக்கக்கூடும். கடைவீதிப் பக்கம் மலிவு வீடு ஒன்றுக்கு வெளிநாடு போகுமுன் கையெழுத்திடுவது எளிது. தூதரகத்திலிருந்து பத்திரம் சான்றளித்து அனுப்புவது நீண்ட வேலை. வங்கி, வீட்டுக்கடன், வருமான வரி, பெற்றோரின் மருத்துவமனை அட்டை ஆகியவற்றுக்கு ஊரில் இருக்கும் உடன்பிறப்பு ஒருவரின் பெயரில் வழக்கறிஞர் மூலம் பிரதிநிதித்துவ அதிகாரப் பத்திரம் செய்து, உயர் நீதிமன்றத்தில் பதிந்துவிட்டுப் புறப்படுங்கள். பத்திரத்தில் இருவர் பெயரும் மைகாட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று வழக்கறிஞர் பார்க்கட்டும் என்று விடாமல் நீங்களே பாருங்கள்.